பழைய பேஸ் சிந்தசைசரின் வயிற்றைத் திறந்து பார்ப்போம்: வாங்கும் முன் ஒன்றைக் கட்டிப் பழக முழு வழிகாட்டி

காவேரிப்பட்டணத்தில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவன், போன மாசி மாதம் கிருஷ்ணகிரியில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்து போனை நீட்டினான். திரையில் வெள்ளி நிறத்தில், டிபன் டப்பா மூடி அளவுக்கு ஒரு பெட்டி. பேஸ் என்கிற கீழ் ஸ்தாயி ஒலியை மின்சாரத்தில் உண்டாக்கும் பழைய சிந்தசைசர்.

"அண்ணே, ஜப்பான்ல ஒருத்தர் விக்கிறார். ரெண்டே முக்கால் லட்சம். வாங்கிரலாமா?"

"எதுக்குடா?"

"பேஸுக்குத்தான். சாஃப்ட்வேர்ல எவ்வளவு தேடினாலும் இந்த சவுண்டு வரலண்ணே."

காசு இருக்கிறதா என்று கேட்டேன். நகையை வைக்கலாம் என்றிருக்கிறானாம். சரி, நகையை வைப்பதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடு, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் குரலை மட்டும் நாமே டாட் போர்டில் (வரிசையாக ஓட்டை போட்ட பொது போர்டு) கட்டிப் பார்ப்போம், அதற்கப்புறமும் வேண்டும் என்றால் நானே கூட வந்து நகையை வைக்கிறேன் என்றேன். சாமானுக்கு நாலாயிரம் சொச்சம் ஆனது, கருகிப்போன ஐசிக்கும் சேர்த்து. அந்த மூன்று ஞாயிறுகளில் அவனுக்குச் சொன்னதைத்தான் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். சீரீஸில் பல்பு போட்டு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்துப் பழகியவர் என்றால் எல்லாம் சுலபமாகப் புரியும். ஈயம் வைத்தே பழக்கமில்லை என்றால் முதலில் ஒரு சின்ன பவர் சப்ளை கட்டிவிட்டு வாருங்கள்.

அந்தப் பெட்டி ரோலண்ட் டிபி-303. 1981 கடைசியில் வந்து 1984ல் நின்றுபோன சாமான். தடாவோ கிகுமோட்டோ என்பவர் வடிவமைத்தது. தனியாக கிட்டார் வாசிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் வாசிக்கட்டும் என்று செய்தார்கள். ஆனால் பேஸ் கிட்டார் மாதிரி அது ஒருநாளும் ஒலித்ததில்லை. அமெரிக்காவில் 395 டாலருக்கு வந்தது, விலை போகாமல் தள்ளுபடியில் தீர்த்தார்கள். மொத்தமே சுமார் 10,000 பெட்டிகள். அதை ஒட்டி இன்னும் சில பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மோக் கம்பெனியின் மினிமோக் 1970ல் வந்தது. அதே கம்பெனியின் டாரஸ் 1970களின் நடுவில் வந்தது, காலால் மிதித்து வாசிக்கும் 13 கட்டைகள் கொண்டது. ரோலண்டின் எஸ்எச்-101 1982ல் வந்தது. பழைய பேஸ் என்று ஊர் உலகத்தில் யார் தேடினாலும் கடைசியில் இந்த நாலில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ("மூக்" இல்லை, "மோக்". நானும் இருபது வருஷம் மூக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே வண்டிதான். ஆசிலேட்டர் ஒலியை உண்டாக்கும், ஃபில்டர் அதைச் செதுக்கும், விசிஏ என்கிற பகுதி சத்தத்தைத் திறந்து மூடும், என்வலப் என்பது எவ்வளவு நேரம் என்று சொல்லும். அப்படி இருந்தும் ஒவ்வொன்றும் வேறு குரலில் பேசுவதற்குக் காரணம், ஒவ்வொரு இடத்திலும் விட்டுவைத்த குறைகள். கணக்குப்படி சுத்தமாகச் செய்தால் சப்பென்று இருக்கும். கட்டும்போது காதால் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

முதல் வேலை: சப்ளை

இதில்தான் ஆள் ஆளுக்கு அவசரப்படுவார்கள். நமக்கு வேண்டியது கூட்டல் 12, கழித்தல் 12 வோல்ட். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று கடைக்காரர் கொடுப்பார், வாங்காதீர்கள். நம் பக்கம் சாயங்காலம் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்குவது ஒன்றும் அதிசயமில்லை. அப்போது 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கத்துக்குச் சுமார் 9.9 வோல்ட் ஏசிதான் தரும், டையோடு தாண்டி கண்டன்சரில் 13.3 டிசி நிற்கும், நிலையான 12 வோல்ட் தரும் ரெகுலேட்டர் 7812 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 14 வேண்டும். விளைவு, அவுட்புட்டில் ஹம் வரும், ஸ்ருதி மெல்ல ஆடும், நீங்கள் ஆசிலேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 15-0-15 வாங்குங்கள். 190லும் 16.8 நிற்கும்.

பிரிட்ஜ் டையோடு, பக்கத்துக்கு ஒரு 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கண்டன்சர், 7812, கழித்தல் பக்கத்துக்கு அதன் ஜோடி 7912, ஒவ்வொன்றின் காலடியிலும் 0.1 கண்டன்சர். பிரைமரியில் ஃபியூஸ் போடாமல் சுவிட்ச் போடாதீர்கள், இரும்புப் பெட்டி என்றால் எர்த் கட்டாயம்.

7812க்கும் 7912க்கும் கால் வரிசை வேறு. எழுத்து உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்தால் 7812ல் இடமிருந்து இன்புட், எர்த், அவுட்புட். 7912ல் எர்த், இன்புட், அவுட்புட். அதோடு 7912ன் முதுகுத் தகடு எர்த் கிடையாது, அதில் கழித்தல் இன்புட் நிற்கிறது. தம்பி இரண்டையும் ஒரே அலுமினிய ஹீட் சிங்கில் மைக்கா (கரண்ட் கடக்காத மெல்லிய தகடு) இல்லாமல் முறுக்கிவிட்டான், நானும் டீ குடித்துக்கொண்டு கவனிக்காமல் விட்டேன். ஆன் செய்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. இருவருக்கும் பேச்சே வரவில்லை. ஆளுக்கு ஒரு ஹீட் சிங்க் போடுங்கள், பத்து ரூபாய் விஷயம்.

சாமானைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரெசிஸ்டர், கண்டன்சர், பிசி547 டிரான்சிஸ்டர் எல்லாம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரேடியோ சாமான் கடைகளிலேயே கிடைக்கும். எல்எம்13700, 6என்138 போன்ற ஐசிகளுக்கு பெங்களூரு எஸ்பி ரோடு, அல்லது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். எனக்கு பெங்களூரு பக்கம், காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் வேலை முடிந்து திரும்பிவிடலாம். ஆசிலேட்டர் ஐசி மட்டும் ஆன்லைனில்தான்.

இரண்டாவது: ஆசிலேட்டர், அப்புறம் நம் ஊர் வெயில்

ஒரு கண்டன்சருக்குள் கரண்ட்டை ஊற்றுகிறோம், வோல்ட்டேஜ் நேர்கோட்டில் ஏறுகிறது, ஒரு உயரம் வந்ததும் சட்டென்று காலி செய்கிறோம். குடத்தில் தண்ணீர் பிடித்துக் கவிழ்ப்பது மாதிரி. குழாயை அதிகமாகத் திறந்தால் குடம் சீக்கிரம் நிறையும், ஸ்ருதி ஏறும். ஸ்கோப்பில் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தால் ரம்பப் பல் தெரியும்.

கஷ்டம் குழாயைத் திறப்பதில். நம் காதுக்கு ஒரு ஸ்தாயி ஏறுவது என்றால் அலைவெண் இரட்டிப்பாவது. 55 ஹெர்ட்ஸ், 110, 220. கீபோர்டிலிருந்து வருவதோ ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்று நேராக ஏறும் வோல்ட்டேஜ். கூட்டலைப் பெருக்கலாக்க வேண்டும். அதை ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் இயல்பாகவே செய்கிறது. அதன் கால்களான பேஸுக்கும் (இது வேறு பேஸ், ஒலி இல்லை) எமிட்டருக்கும் நடுவே 18 மில்லிவோல்ட் கூட்டினால் கலெக்டர் கரண்ட் இரட்டிப்பாகும். ஆக 1 வோல்ட்டை ரெசிஸ்டரால் 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுத்தால் போதும்.

ஆனால் அதே டிரான்சிஸ்டர் ஒரு நல்ல தெர்மாமீட்டரும்கூட. ஒரு டிகிரி சூடு ஏறினால் அந்த பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். 18ஐ 2ஆல் வகுத்துப் பாருங்கள், 9 டிகிரி ஏறினால் ஒரு முழு ஸ்தாயி ஓடிவிடும். தை மாதக் காலையில் 18 டிகிரி, சித்திரை மதியம் தகரக் கூரைக்கடியில் 38 டிகிரி. காலையில் சட்ஜமத்தில் நிறுத்திய பெட்டி மதியம் இரண்டு ஸ்தாயிக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் எல்லாப் பழைய பெட்டியிலும் இரட்டை டிரான்சிஸ்டர். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும், ஒன்றின் ஓட்டத்தை மற்றொன்று கழித்துவிடும். அதற்கப்புறமும் ஒரு மிச்சம் இருக்கிறது. அந்த 18 மில்லிவோல்ட் என்ற அளவே டிகிரிக்கு 0.33 சதவீதம் மாறும். மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் டிகிரிக்கு 12 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) பிசகு, அதாவது எட்டு டிகிரியில் ஒரு அரை ஸ்வரம். இதைச் சரிக்கட்ட, சூட்டோடு சேர்ந்து ஏறும் தனி ரெசிஸ்டர் ஒன்றை அந்த ஜோடியின் முதுகில் ஒட்டிவைப்பார்கள்.

இதையெல்லாம் கையால் கட்டலாம், நான் ஒருமுறை கட்டினேன், இரண்டு மாதம் போனது. உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். டக் கர்டிஸ் வடிவமைத்த சிஇஎம்3340 என்ற ஐசிக்குள் இந்தச் சரிக்கட்டல் எல்லாம் இருக்கிறது. எஸ்எச்-101லும் சீக்வென்ஷியல் கம்பெனியின் ப்ரோ-ஒன்னிலும் உட்கார்ந்திருப்பது அதேதான். நடுவில் பல வருஷம் கிடைக்காமல் இருந்து 2016ல் மறுபடி தயாரிப்புக்கு வந்தது. ஏஎஸ்3340 என்ற நகலும் கிடைக்கிறது, நாங்கள் அதைத்தான் போட்டோம். கவனிக்க வேண்டியது ஒன்று. அதன் கழித்தல் காலுக்குள் ஒரு ஜீனர் டையோடு இருக்கிறது, 12 வோல்ட்டை நேரே கொடுக்கக் கூடாது. டேட்டாஷீட்டில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கும் ரெசிஸ்டரை வரிசையில் போட்டே ஆக வேண்டும். மறந்தால் எழுநூறு எண்ணூறு ரூபாய் புகையாகிவிடும். ஐசி பேஸ் (ஐசியைச் செருகும் சாக்கெட்) வைத்துப் பற்றவையுங்கள், வோல்ட்டேஜ் எல்லாம் அளந்த பிறகு கடைசியில் ஐசியைச் செருகுங்கள்.

ரம்பப் பல்லோடு சதுர அலையையும் அந்த ஐசியே கொடுத்துவிடும். 303ல் அப்படி இல்லை. அதில் ரம்பப் பல்லை ஒரு டிரான்சிஸ்டருக்குள் தள்ளி நசுக்கிச் சதுரம் மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். ஸ்கோப்பில் பார்த்தால் ஓரங்கள் சாய்ந்திருக்கும், கீழ் ஸ்வரத்தில் ஒரு அகலம், மேலே போகப் போக வேறு அகலம். பாடப்புத்தகக் கணக்கில் அது தப்பு. கேட்டால் கிளாரினெட்டுக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு அழகு.

எஸ்எச்-101ன் கனத்துக்குக் காரணம் வேறு. சதுர அலையை ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் விட்டால் பாதி அலைவெண் வரும், ஒரு ஸ்தாயி கீழே. இன்னொன்றில் விட்டால் இரண்டு ஸ்தாயி கீழே. 4013 ஐசி ஒன்றிலேயே இரண்டும் இருக்கிறது, இருபது ரூபாய்கூட ஆகாது. கட்டாயம் போடுங்கள். மெயின் ஸ்ருதியோடு பூட்டியது மாதிரி நிற்கும், பிசகவே பிசகாது. மினிமோக்கில் நேர் எதிர். அங்கே மூன்று தனி ஆசிலேட்டர், ஒன்றோடு ஒன்று நூலளவு பிசகி மெல்ல அலையடிக்கும், அந்த அலையடிப்புதான் அதன் சதை.

மூன்றாவது: ஃபில்டர்

நேரம் எவ்வளவு ஆனாலும் இங்கே செலவழியுங்கள். காசு கொடுத்து வாங்குபவர்கள் வாங்குவது இதைத்தான்.

ராபர்ட் மோக் 1966ல் விண்ணப்பித்து 1969ல் காப்புரிமை பெற்ற ஏணி ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஜோடி டிரான்சிஸ்டர் மேல் இன்னொரு ஜோடி, அதன் மேல் இன்னொன்று, இப்படி ஐந்து ஜோடி. படிகளுக்கு நடுவே குறுக்கே நான்கு கண்டன்சர். வரைபடத்தில் பார்த்தால் தென்னை மரத்தில் சாய்த்த ஏணியேதான். மேலிருந்து கீழே ஓடும் கரண்ட்டைப் பொறுத்து ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் எமிட்டரும் ஒரு ரெசிஸ்டர் போல நடந்துகொள்கிறது. எவ்வளவு ரெசிஸ்டர்? 26 மில்லிவோல்ட்டைக் கரண்ட்டால் வகுத்தால் வரும். 1 மில்லிஆம்பியரில் 26 ஓம். 10 மைக்ரோஆம்பியரில் 2,600 ஓம். கரண்ட்டை நூறு மடங்கு மாற்றினால், எந்த அலைவெண் வரை உள்ளே விடலாம் என்கிற எல்லையும் நூறு மடங்கு நகரும். நான்கு படி என்பதால் எல்லைக்கு மேலே ஸ்தாயிக்கு 24 டெசிபல் வெட்டு.

பிசி547 முப்பது வாங்குங்கள், அதில் ஜோடி பொறுக்க வேண்டும். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து பேஸ்-எமிட்டர் அளந்தால் 650, 660 என்று காட்டும். இரண்டு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் ஆட்களை ஜோடியாக எடுத்து வையுங்கள். இங்கே தம்பி ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டான், ஒரே டிரான்சிஸ்டர் ஒரு தடவை 664 காட்டுகிறது, அடுத்த தடவை 648. விரலால் பிடித்து அளந்திருக்கிறான்! உடம்புச் சூடு. தொட்டவுடன் எண் படிப்படியாக இறங்குவதை நீங்களும் பாருங்கள், ஆசிலேட்டர் பற்றி மேலே சொன்னதெல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிடும். டிரான்சிஸ்டர்களை ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி, ஃபேனை நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு, கிளிப்பால் தொட்டு அளக்க வேண்டும்.

ஏணியின் உச்சியிலிருந்து எடுத்த ஒலியைத் தலைகீழாக அடிக்குத் திருப்பி விட்டால் எல்லை இருக்கும் இடத்தில் ஒரு கூம்பு எழும், அதுதான் ரெசனன்ஸ். திருப்பி விடுவது நான்கு மடங்கை எட்டும்போது ஃபில்டர் தானே விசிலடிக்க ஆரம்பிக்கும். இங்கே பேஸ் வாசிப்பவருக்கு ஒரு வம்பு இருக்கிறது. திருப்பி விடும் ஒலி கீழ் ஸ்வரங்களைக் கழித்துக்கொண்டே வரும். விசிலடிக்கும் விளிம்பில் கீழ்ப் பகுதி ஐந்தில் ஒரு பங்காகிவிடும், 14 டெசிபல் நஷ்டம். ரெசனன்ஸைத் திருகத் திருக பேஸ் மெலிகிறதே, எங்கேயோ தப்பாகப் பற்றவைத்துவிட்டோமோ என்று போர்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள். அதன் பிறவிக் குணம்.

303 இதே ஏணியை வேறு மாதிரி கட்டியது. டிரான்சிஸ்டரின் பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக் கட்டி வெறும் டையோடாக்கி அடுக்கினார்கள். டையோடுக்கு முன் பின் தடுப்பு கிடையாது, ஒரு படியின் பாரம் அடுத்த படியில் இறங்கும், எனவே நான்கு படியும் ஒரே இடத்தில் வெட்டாமல் ஆளுக்கு ஒரு இடத்தில் வெட்டுகின்றன. போதாததற்கு ஒரு கண்டன்சர் மட்டும் மற்ற மூன்றின் பாதி அளவை ஒட்டியது. மூன்றும் 0.033, இது 0.018. நான்கு படி இருந்தும் 18 டெசிபல் ஃபில்டர் என்று அதற்குப் பெயர் வந்தது இந்த மந்தமான சரிவால்தான். ரெசனன்ஸை முழுக்கத் திருகினாலும் கம்பெனியில் வந்தபடி இருக்கும் 303 தானாக விசிலடிக்காது. விளிம்பு வரை போய் முனகிக்கொண்டே நிற்கும், அவ்வளவுதான். அந்த முனகலுக்குத்தான் ரெண்டே முக்கால் லட்சம்.

முதலில் மோக் ஏணியைக் கட்டுங்கள், தப்பு செய்தாலும் ஏதாவது ஒரு சத்தம் வரும். டையோடு ஏணியை அதே ஐசி பேஸ், அதே கனெக்டர் வைத்துத் தனி போர்டில் அப்புறம் கட்டி மாற்றி மாற்றிச் செருகிக் கேளுங்கள்.

நான்காவது: விசிஏ

இதை வேகமாக முடித்துவிடலாம். 303லும் 101லும் பிஏ662 என்ற ஐசி, இப்போது தயாரிப்பில் இல்லை. எல்எம்13700 போதும், அதில் இரண்டு இருக்கிறது. இன்புட்டில் பத்துப் பதினைந்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் கரகரக்கும், ஆகவே 100கே (ஒரு லட்சம் ஓம்), 220 ஓம் ரெசிஸ்டர் வைத்துக் குறைத்துக் கொடுங்கள். கண்ட்ரோல் காலுக்கு 2 மில்லிஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலுக்கு ரெசிஸ்டர் இல்லாமல் ஸ்க்ரூடிரைவர் நுனியால் கூட்டலைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் இன்னொரு ஐசி வாங்கியிருக்கிறார்கள்.

ஐந்தாவது: அழுத்தமும் இழுப்பும்

303ல் ஃபில்டருக்கு இருக்கும் என்வலப் மிக எளிமையானது. சட்டென ஏறி, 200 மில்லிசெகண்டிலிருந்து 2 செகண்ட் வரை எங்கே வைத்தோமோ அந்த நேரத்தில் இறங்கும். 555 டைமர், ஒரு டையோடு, ஒரு கண்டன்சர், ஒரு கண்ட்ரோல் (வால்யூம் போலத் திருகும் சாமான்) இவற்றை வைத்து அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம்.

ஆக்சென்ட் என்கிற அழுத்தத்தில்தான் ஒரு கள்ளத்தனம். ஒரு ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுத்தால் மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. சத்தம் கூடுகிறது, என்வலப் தன் மிகக் குறைந்த நேரத்துக்கு வந்துவிடுகிறது, அதே என்வலப் ஒரு டையோடு வழியாக 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரை நிரப்பி ஃபில்டரை மேலே தூக்குகிறது. கண்டன்சர் முழுக்கக் காலியாகும் முன் அடுத்த அழுத்தம் வந்தால்? மிச்சத்தின் மேல் இன்னும் கொஞ்சம் சேரும். மூன்று ஸ்வரம் தொடர்ந்து அழுத்தினால் முதலாவது "வவ்", இரண்டாவது அதைவிட மேலே, மூன்றாவது கிறீச்சென்று உச்சியில். பம்பைக்காரர் வேகம் ஏற்றும்போது சாமி வருமே, அந்தத் தினுசு. அந்தக் கண்டன்சருக்குப் போகும் கண்ட்ரோல், ரெசனன்ஸ் கண்ட்ரோலின் அதே தண்டில் கட்டிய இரண்டாவது தட்டு. அதாவது ரெசனன்ஸைத் திருகும்போதே அழுத்தத்தின் குணமும் மாறும். நீங்களும் இரட்டைத் தட்டு 100கே கண்ட்ரோல்தான் வாங்க வேண்டும், ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்குப் போடும் அதே சாமான். இதை முதல் தடவை கேட்டதும் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் கால் மணி நேரம் அந்த ஒரு கண்ட்ரோலையே திருகிக்கொண்டிருந்தான்.

அடுத்தது இழுப்பு, ஸ்லைடு. 100கே ரெசிஸ்டர், 0.22 கண்டன்சர், அவ்வளவே. ஸ்ருதி வோல்ட்டேஜ் அதன் வழியாகப் போனால் 22 மில்லிசெகண்ட் என்ற நிதானத்தில் நகர்ந்து, அறுபது எழுபது மில்லிசெகண்டில் போய்ச் சேரும். பக்கத்து ஸ்வரத்துக்குப் போனாலும் மேல் ஸ்தாயிக்குப் போனாலும் அதே நேரம். நாதஸ்வரத்தில் ஜாரு கேட்ட காதுக்கு இது உடனே பிடிபடும். பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற ஸ்டுடியோ இசைக்கலைஞர் 1982லேயே 303ஐயும் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, 2010ல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. சிகாகோக்காரர்கள் 303ன் கண்ட்ரோல்களைத் திருகித் திருகிப் பதிவு செய்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசையே கிளம்பியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து, 1987ல்தான். இந்த இழுப்பு ராகத்துக்கு ஒத்துப்போனது ஒன்றும் ஆச்சரியமில்லை.

இழுப்பின்போது கேட் (கட்டை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் சிக்னல்) மூடக் கூடாது என்பதை மறந்துவிடாதீர்கள். மூடித் திறந்தால் "டக்" என்று ஒரு அடி விழும், இழுப்பே தெரியாது.

ஆறாவது: கீபோர்டோடு சேர்ப்பது

ஆர்க்கெஸ்ட்ரா கீபோர்டில் மிடி அவுட் இருக்கும், எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று சொல்லும் டிஜிட்டல் சிக்னல் அதில் வரும். அதை வாங்க 6என்138 ஆப்டோகப்ளர், படிக்க ஒரு ஆர்டுயினோ நானோ, வோல்ட்டேஜாக மாற்ற எம்சிபி4725 என்ற சின்ன போர்டு. அது 12 பிட், 5 வோல்ட்டை 4,096 படியாக வெட்டும், படிக்கு 1.22 மில்லிவோல்ட். ஒரு அரை ஸ்வரம் 83.3 மில்லிவோல்ட், ஆக அதிகபட்சப் பிசகு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. காதுக்குத் தெரியாது. ஆனால் அந்த 5 வோல்ட்டை யூஎஸ்பியிலிருந்து எடுத்தால் தெரியும்! லேப்டாப் ஃபேன் சுற்றும்போதெல்லாம் ஸ்ருதி நடுங்கும். எம்சிபி4725க்கு மட்டும் 78எல்05 ரெகுலேட்டர் ஒன்று தனியாகக் கொடுங்கள்.

ஏழாவது: ஸ்ருதி கூட்டுவது

ஆன் செய்து இருபது நிமிஷம் தொடாதீர்கள். அப்புறம் போனில் ட்யூனர் வைத்துக்கொண்டு கீழ் ஏ ஸ்வரத்தை அழுத்தி 55 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஸ்தாயி மேலே அழுத்தினால் 220 வர வேண்டும், வராது. 226 வந்தால் ஸ்கேல் ப்ரீசெட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருகும் சின்ன கண்ட்ரோல்) குறையுங்கள். குறைத்ததும் கீழ் ஏயும் நகர்ந்திருக்கும், அதை மறுபடி 55க்குக் கொண்டுவந்து மறுபடி மேலே. ஆறேழு சுற்று போகும், பொறுமை வேண்டும். பல சுற்று ப்ரீசெட் போட்டிருந்தால் பிழைத்தீர்கள், ஒரு சுற்று ப்ரீசெட் என்றால் சாயங்காலம் வரை உட்கார வேண்டியதுதான்.

ஒலியைக் கேட்க நல்ல ஸ்பீக்கர் வையுங்கள். பேஸின் கீழ் ஈ ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். மைக் செட் குழாய் ஸ்பீக்கரில் அது வெளியே வராது. ஆனால் ரம்பப் பல்லில் 82, 124, 165 என்று மேல் சுரங்கள் எல்லாம் இருப்பதால் காது அதைச் சேர்த்துக் கீழ் ஈ என்றே புரிந்துகொள்ளும். திருவிழாவில் குழாயில்தான் போகப்போகிறது என்றால் ஃபில்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வையுங்கள்.

இவ்வளவு சுலபம் என்றால் பழையதை ஏன் வாங்குகிறார்கள்?

தம்பியும் இதைத்தான் கேட்டான். 10,000 பெட்டி என்பது இனிக் கூடாது, உடைய உடையக் குறையத்தான் செய்யும். பிஏ662 கிடையாது, அந்தக் கால டிரான்சிஸ்டர் வகைகள் கிடையாது. லிமோர் ஃப்ரீட் 2005 வாக்கில் சாக்ஸ்பாக்ஸ் என்று 303ஐ அப்படியே கட்டும் கிட் கொண்டுவந்தபோது, அரிய பாகங்களைத் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாகத்தான் இருந்தது. 2016ல் ரோலண்டே டிபி-03 என்று டிஜிட்டலில் ஒன்று விட்டது. 2019ல் பெரிங்கர் டிடி-3 வந்தது, அனலாக்கேதான், 150 டாலர் அளவில். அப்போதெல்லாம் பழையதின் விலை விழும் என்று எதிர்பார்த்தவன் நான், விழவில்லை. மலிவு நகல் நாலு பேர் காதில் அந்த ஒலியைப் போட்டு, நாலில் ஒருவனை அசலைத் தேடி அனுப்புகிறது என்பதுதான் என் அனுமானம்.

இன்னொரு காரணம் அதன் சீக்வென்சர், அதாவது ஸ்வர வரிசையைப் பதிந்துவைத்துத் தானே வாசிக்கும் பகுதி. ஸ்வரங்களை ஒரு தடவை, அவை விழும் நேரத்தை வேறொரு தடவை என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். நினைத்தது ஒன்று, வருவது ஒன்று. தப்பில் பிறந்த வரிகள்தான் அதன் புகழே. இதை டாட் போர்டில் நான் கட்டிக் கொடுக்க முடியாது.

ஆக, அந்தக் குரல் மட்டும் வேண்டும் என்றால் கட்டுங்கள், பொறுமை இல்லாவிட்டால் நகல் வாங்குங்கள். வருஷம் முழுக்க ஸ்டுடியோ வைத்துச் சம்பாதிப்பவர், விற்றாலும் போட்ட காசு வரும் என்று கணக்குப் போடுபவர், அவர்கள் அசலை வாங்கட்டும். நகையை வைத்து வாங்குகிற சாமான் இல்லை.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு

பேட்டரி அறையைத் திறந்த போட்டோ கேளுங்கள். 303ல் நான்கு சி சைஸ் பேட்டரி, அதுதான் நினைவகத்தையும் காப்பாற்றுகிறது. நாற்பது வருஷத்தில் ஒரு தடவையாவது யாராவது பேட்டரியை உள்ளேயே விட்டு மறந்திருப்பார்கள். ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் கசிவு போர்டு வரை போயிருக்கலாம். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தும் வீடியோ கேளுங்கள், ஒரு தடவை அழுத்த இரண்டு தடவை பதிந்தால் பட்டன் எல்லாம் மாற்ற வேண்டும். கண்ட்ரோலைத் திருகும்போது கரகரப்பது பெரிய விஷயமில்லை, கிளீனர் அடித்தால் போய்விடும். எஸ்எச்-101 என்றால் ஒவ்வொரு ஸ்லைடரையும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். மினிமோக் என்றால் அரை மணி நேரம் ஓடிய பிறகு மூன்று ஆசிலேட்டரும் ஒரே ஸ்ருதியில் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். பழைய எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவை முதலிலேயே விலையில் கழித்துப் பேசுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றுதான் பெரிய ஆபத்து. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட். நேராகக் கரண்ட்டில் போடும் மாடலை நம் 230ல் செருகினால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதன் அவுட்புட்டை மீட்டரில் அளந்த பிறகுதான் செருக வேண்டும். 303 போன்று 9 வோல்ட் அடாப்டரில் ஓடுபவற்றில் வேறு பொறி. அதன் பிளக்கில் நடுவில் கழித்தல், வெளியே கூட்டல். நம் கடைகளில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் தலைகீழ். பிளக் அழகாகப் போய் உட்காரும், அதை நம்பாதீர்கள். மீட்டரின் சிவப்பு முனையை நடுவிலும் கறுப்பை வெளியிலும் வைத்தால் கழித்தல் குறி காட்ட வேண்டும். காட்டினால் செருகுங்கள்.